பஞ்சகர்மம்: ஊருக்குப் போகுமுன் ஒரு பாடம்



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் சங்கத்துக் குடும்பங்களில் பேச்செல்லாம் விமான டிக்கெட்டைப் பற்றியே இருக்கும். இவ்வாண்டு அதனோடு இன்னொரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. "இந்தத் தடவை ஊருக்குப் போனதும் ஒரு வாரம் பஞ்சகர்மா செய்துகொண்டு வரப்போகிறோம், உடம்பில் சேர்ந்த நஞ்செல்லாம் போய்விடுமாம்" என்று நான்கு வீடுகளில் கேட்டுவிட்டேன். பஜனை முடிந்து பிரசாதம் வாங்கும் வரிசையில் ஒரு மாமி, "ஏழு நாள் போதுமா, பத்து நாள் எடுக்கலாமா?" என்று என்னையே கேட்டார். நான் வைத்தியன் அல்லன். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தேடிச் சில காலம் நூல்களைப் புரட்டியவன். ஆகவே இம்மாதப் பாடத்தை இதற்கே ஒதுக்கினேன்.

முதலில் என் சொந்தக் கதை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் போனேன். இடத்தின் பெயர் வேண்டாம். ஏழு நாள் திட்டம். முதல் ஐந்து நாளும் எண்ணெய் தேய்ப்பு, ஆவிக் குளியல், நெற்றியில் தாரை. பரம சுகமாக இருந்தது. ஆறாம் நாள் விடியற்காலையில் பேதி மருந்து கொடுத்தார்கள். 18 தடவை போயிற்று. ஏழாம் நாள் மதியம் சாம்பார், கூட்டு, அப்பளம், பாயசத்தோடு இலை போட்டு வழியனுப்பினார்கள். எட்டாம் நாள் இரவு விமானம். துபாயில் இறங்கிக் காரில் வரும்போது மசாஃபி தாண்டுவதற்குள் கண் இருட்டிற்று; வண்டியை நிறுத்தச் சொல்லிச் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்து, உடம்பில் நீரும் பொட்டாசியமும் சோடியமும் குறைந்திருக்கின்றன என்று டிரிப்ஸ் ஏற்றினார்கள். அப்போது நான் இரத்த அழுத்தத்துக்காக, சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை ஒன்று சாப்பிட்டு வந்தேன். அதை அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "இது மூலிகைதானே, அதற்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?" என்ற எண்ணம்.

அதற்குப் பிறகுதான், நான் செய்துகொண்டதற்கும் நூல்களில் எழுதியிருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பது தெரிந்தது.

ஐந்து எவை?

பஞ்சகர்மம் என்றால் ஐந்து செயல்கள். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் சொல்லும் சுத்தி முறைகள் இவை: வாந்தி எடுக்கச் செய்யும் வமனம், பேதியாகச் செய்யும் விரேசனம், ஆசனவாய் வழியே கஷாயமோ தைலமோ செலுத்தும் வஸ்தி, மூக்கில் மருந்து விடும் நசியம், இரத்தம் வெளியேற்றும் இரத்த மோட்சணம். சரகர் கணக்கு சற்று வேறு. அவர் கஷாய வஸ்தியையும் தைல வஸ்தியையும் இரண்டாக எண்ணுவார். இரத்த மோட்சணம் அவருடைய ஐந்தில் வராது. வமனம் கபத்துக்கு, விரேசனம் பித்தத்துக்கு, வஸ்தி வாதத்துக்கு, நசியம் கழுத்துக்கு மேற்பட்ட நோய்களுக்கு என்பது பொதுவான பிரிவு. இவற்றுள் வஸ்திக்கே முதலிடம். சிகிச்சையில் பாதி அதுவே என்று சொல்லும் அளவுக்கு அதற்கு மதிப்பு. 8 நாள், 16 நாள், 30 நாள் என்று தொடர் முறைகளும் உண்டு. இதை விளம்பரங்களில் காண முடியாது. படம் எடுத்துப் போட அழகான காரியம் அன்று!

விளம்பரப் படங்களில் நாம் காண்பது எது? ஒரு பெண்மணி கண்மூடிப் படுத்திருக்க, நெற்றியில் பித்தளைப் பாத்திரத்திலிருந்து எண்ணெய் ஒழுகும். அது தாரை. அதுபோலவே எண்ணெயைப் பிழிந்து ஊற்றும் பிழிச்சல், 60 நாளில் விளையும் ஞவரை அரிசியைப் பாலில் வேக வைத்துக் கட்டித் தேய்க்கும் ஞவரக்கிழி ஆகியவை கேரளத்து வைத்தியர்கள் வளர்த்த அருமையான சிகிச்சைகள். ஆனால் மேற்சொன்ன ஐந்தில் இவை சேரா. எண்ணெய்ப் பசையூட்டுவது, வியர்க்கச் செய்வது என்னும் வகையைச் சேர்ந்தவை. ஒரு வாரம் இவற்றை மட்டும் செய்துகொண்டு உடம்பு லேசாகி வருகிறவர்களுக்குப் பெரிய தீங்கு ஒன்றும் இல்லை. நான் வாங்கிக் கட்டிக்கொண்டது ஆறாம் நாள் பேதியால்தான்.

17 நாள் கணக்கு

நூல் முறைப்படி விரேசனத்துக்கு எத்தனை நாள் பிடிக்கும்? இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பேதி மருந்தை எடுத்த எடுப்பில் கொடுப்பதில்லை. முதலில் பசியைத் தூண்டிச் செரிமானத்தைச் சீராக்கச் சுக்கு, மிளகு, திப்பிலி போன்ற மருந்துகள். இதற்கு 3 நாளாவது ஆகும். அடுத்து, காலையில் வெறும் வயிற்றில் மருந்து சேர்த்த நெய் குடிக்க வேண்டும். நாளுக்கு நாள் அளவைக் கூட்டுவார்கள். இளகின குடல் உடையவர்களுக்கு, அதாவது பாலும் திராட்சையும் சாப்பிட்டாலே வயிறு இளகுகிறவர்களுக்கு, 3 நாளில் போதும். இறுகின குடலுக்கு 7 நாள் வரை போகும். எப்போது நிறுத்துவது என்பதை நாட்காட்டி சொல்லாது; உடம்பு சொல்லும். தோல் மினுமினுக்கும், மலத்தில் நெய்ப்பசை தெரியும், நெய்யைக் கண்டாலே குமட்டும். இந்த அடையாளங்களைப் பார்க்கத் தெரிந்தவரே வைத்தியர். சராசரியாக 5 நாள் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு 3 நாள் வெளியே எண்ணெய் தேய்ப்பும் வியர்வைச் சிகிச்சையும். சுகமாக இருக்கிறதே என்று நாம் நினைக்கும் பகுதி இதுதான். நூலில் இது வெறும் முன்னேற்பாடு. பிறகு ஒரே ஒரு நாள் பேதி. சிவதை வேரோ, கடுக்காயோ, விளக்கெண்ணெயோ, ஆளைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

இத்தோடு 12 நாள் ஆயிற்று. முடிந்துவிட்டதா என்றால், இல்லை. இனிமேல்தான் முக்கியமான கட்டம்.

சரகர் மரபில் பேதி போன தடவைகளையே எண்ணிக் கணக்கு வைப்பர். 10 தடவை என்றால் குறைந்த சுத்தி, 20 நடுத்தரம், 30 முழுச் சுத்தி. முறையே 3, 5, 7 நாட்கள் உணவைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். முதலில் அரிசி கொஞ்சமும் நீர் மிகுதியுமான கஞ்சி. அடுத்துக் கொழகொழவென்ற கட்டிக் கஞ்சி. பிறகு பயற்றைக் கொதிக்க வைத்த சாறு, முதலில் உப்பும் நெய்யும் இல்லாமல், அடுத்த வேளை அவற்றைச் சேர்த்து. அதற்குப் பின் மாமிச ரசம் என்று நூல் சொல்லும். சைவ உணவுக்காரர்களுக்குப் பயற்றுச் சாறே போதும் என்பர் வைத்தியர். கடைசியில்தான் சாதாரணச் சாப்பாடு. காரணம் எளிது. பேதிக்குப் பின் வயிற்றில் உள்ள அக்கினி, காற்றில் அணையப் போகும் அடுப்பு போன்றது. சுள்ளி போட்டு மெல்ல ஊத வேண்டிய நேரத்தில் பெரிய கட்டையைத் திணித்தால் உள்ளதும் அணைந்துவிடும்.

நடுத்தரச் சுத்திக்கு 5 நாள் கஞ்சியைக் கூட்டினால் மொத்தம் 17 நாள். எல்லாவற்றையும் மிகக் குறைத்துக் கணக்குப் போட்டாலும் 13 நாளுக்குக் கீழே வராது. எனக்குப் போனது 18 தடவை. கிட்டத்தட்ட நடுத்தரச் சுத்தி. எனக்குக் கிடைத்த கஞ்சி நாட்களோ பூஜ்யம். அதற்குப் பதில் அப்பளமும் பாயசமும்.

என் பாட்டிக்குச் சரகர் யார் என்று தெரியாது. ஆனால் சிறு வயதில் எங்களுக்கு விளக்கெண்ணெய் கொடுத்த நாளில் பள்ளிக்கூடம் கிடையாது, வெயிலில் விளையாட்டு கிடையாது. குழைந்த சாதத்தில் மிளகு ரசம் மட்டுமே. மறுநாள் பருப்பு சேரும், அதற்கடுத்த நாள்தான் கறிகாய். எண்ணெய்ப் பலகாரத்துக்கு அழுதால், "குடல் இன்னும் பச்சைக் குழந்தை மாதிரி இருக்குடா" என்பார். (குழந்தைகளுக்கு இப்படி அடிக்கடி விளக்கெண்ணெய் கொடுக்கும் வழக்கம் வேண்டாம் என்பதே இன்றைய குழந்தை மருத்துவர்களின் கருத்து. பாட்டியின் ரசஞ்சாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.)

தமிழ் மரபில் இதன் இடம்

இது வடமொழி நூல்களுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரால் வழங்கும் பிணி அணுகா விதி, நோயில்லாதவன் நோயில்லாமலே இருக்கச் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறது. 6 மாதத்துக்கு ஒரு முறை வாந்தி மருந்து, 4 மாதத்துக்கு ஒரு முறை பேதி மருந்து, ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை நசியம், 4 நாளுக்கு ஒரு முறை எண்ணெய் முழுக்கு என்பது அதன் கணக்கு. இதை ஓர் ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். வாந்தி 2, பேதி 3, நசியம் 8. எண்ணெய் முழுக்கோ சுமார் 90! நாமோ அந்த 90ஐ முழுவதும் விட்டுவிட்டு, 3 பேதியையும் ஒரே விடுமுறையில் முடித்துக்கொள்ளப் பார்க்கிறோம்.

நம் கோயில்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறித்த நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்து வேதபாடசாலையும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர் சாலையும் நடந்ததை அது சொல்கிறது. ஆதுலர் என்றால் நோயாளிகள். 15 படுக்கைகள்; ஒரு மருத்துவர், ஓர் அறுவை வைத்தியர், மருந்து கொண்டுவர இருவர், பணிவிடை செய்யப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். படித்த மாணவர்களும் கோயில் ஊழியர்களும் அங்கே சிகிச்சை பெற்றனர். எல்லாவற்றினும் சுவையானது, அங்கே இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். கடுக்காயைக் கொண்டு செய்யும் ஹரீதகி மருந்துகள் பல வகை, ஏரண்டம் எனப்படும் ஆமணக்கு சேர்ந்த தைலங்கள், நெய் மருந்துகள். அதாவது நெய்யூட்டவும் வயிறு இளக்கவும் வேண்டிய சரக்குகள் ஒரு பெருமாள் கோயிலின் மருந்தறையில் இருந்தன.

நான் கவனித்தது அந்தப் படுக்கைகளை. மருந்து கொடுத்து அனுப்பிவிடும் இடத்துக்குப் படுக்கை எதற்கு? படுக்க வைத்து, பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொண்டார்கள்.

அரபு நாட்டுத் தொடர்பு

நாம் வாழும் இந்த மண்ணுக்கும் இவ்விஷயத்துக்கும் பழைய உறவு உண்டு. அப்பாஸிய கலீஃபாக்கள் காலத்தில் பாக்தாதில் சுசுருதம், சரகம், அஷ்டாங்க ஹிருதயம் ஆகியவை அரபு மொழிக்குப் போயின. 9ஆம் நூற்றாண்டின் நடுவில் அலீ இப்னு ரப்பான் அத்தபரி எழுதிய மருத்துவ நூலின் கடைசிப் பகுதி இந்திய வைத்தியத்துக்கே ஒதுக்கப்பட்டது. இங்கே பலரும் செய்துகொள்ளும் ஹிஜாமா, அதாவது குப்பி வைத்து இரத்தம் எடுப்பது, நம் இரத்த மோட்சணத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்றே சொல்லலாம்.

கடைத்தெருவில் மூலிகைக்காரரிடம் போய் 'சனா மக்கீ' என்று கேட்டால் சிறு ஈட்டி போன்ற காய்ந்த இலைகளைக் கட்டித் தருவார். அது வேறொன்றும் இல்லை, நம் நிலாவாகை. அரேபியாவிலும் சூடான் பக்கத்திலும் இயற்கையாக வளரும் செடி. அரேபிய விதையிலிருந்து நெல்லைச் சீமையின் காய்ந்த நிலங்களில் பயிராகி, தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி, உலக மருந்துச் சந்தையில் 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரையே பெற்றுவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா உண்டு. மலச்சிக்கலுக்குச் சில நாள் எடுத்துக்கொள்ளும் நல்ல மருந்து. ஆனால் 'உடம்பைச் சுத்தம் செய்யும் டீ' என்ற பெயரில் அழகான பெட்டிகளில் விற்பவற்றில் பலவும் இந்த இலைதான். மாதக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் குறையும். குடலும் தானாக வேலை செய்ய மறந்து சோம்பிவிடலாம். எடை குறைந்தது போல் தோன்றுவதும் நீர் இறங்கியதால்தான்; தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும்.

எந்த நஞ்சு?

நம் பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்: "அப்பா, எந்த நஞ்சு வெளியே போகிறது?" ஆயுர்வேதம் சொல்லும் ஆமம் என்பது அரைகுறையாகச் செரித்த உணவால் உடம்பில் தங்குவதாகக் கருதப்படும் பசை போன்ற ஒன்று. அது அந்தச் சாத்திரத்தின் கருத்து. ஈயம் இத்தனை, பாதரசம் இத்தனை என்று சோதனைக்கூடத்தில் அளந்து காட்டும் பொருள் அன்று. இரத்தத்தில் சேரும் கழிவை இரவும் பகலும் அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். ஒரு நாள் பேதியால் அந்த வேலை கூடிவிடாது. ஆகவே "வளைகுடாவில் 10 வருஷம் இருந்த நஞ்செல்லாம் போய்விட்டது" என்று யாராவது சொன்னால், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முதுகுப் பிடிப்பும் மூட்டு வலியும் குறைந்து, நன்றாகத் தூங்கி, பசியெடுத்துத் திரும்பி வந்தவர்களை நான் அறிவேன். அது நல்ல பயன். அதை அந்த அளவில் சொன்னால் போதும்.

வேடிக்கை என்னவென்றால், நஞ்சு நீக்கப் போய் நஞ்சு வாங்கி வருவதும் நடக்கிறது. 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு ஒன்றில், பாஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. 2008இல் இணையம் வழியாக வாங்கிய 193 தயாரிப்புகளைச் சோதித்தபோதும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அப்படியே இருந்தது. பஸ்பம், செந்தூரம், ரச மருந்து ஆகியவற்றை முத்திரை இல்லாத பொட்டலத்தில் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சித்த மருத்துவத்தில் நேர்வாளம் சேர்ந்த கடும் பேதி மருந்துகள் உண்டு. அவை வைத்தியர் கண்ணெதிரில் மட்டுமே எடுக்க வேண்டியவை.

யாருக்கு ஆகாது?

பழைய நூல்களே நீண்ட பட்டியல் தருகின்றன. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், மெலிந்தவர்கள், இருதய நோயாளிகள் ஆகியோருக்கு வமனம் கூடாது. புதுக் காய்ச்சல், மந்தமான செரிமானம், ஆசனவாயில் புண்ணோ இரத்தப் போக்கோ உள்ளவர்களுக்கு விரேசனம் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இதுவும் கூடாது. நம் பெரியவர்கள் 'ஒத்துக்கொள்ளாது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை அவர்கள் உட்கார்ந்து எழுதி வைத்தார்கள்.

அவர்கள் காலத்தில் இல்லாத பட்டியல் ஒன்றை நாம் சேர்க்க வேண்டும். அது நம் வீட்டு மாத்திரை டப்பா. நீர் பிரியும் மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் பேதியோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர், கஞ்சி மட்டும் குடிக்கும் நாளில் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தோன்றும்போதே இரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து இருக்கிறது. மெட்ஃபார்மினும், நீர் வற்றிச் சிறுநீரகம் தளரும் நேரத்தில் நல்லதன்று. இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் உண்டு. "இங்கே இருக்கும்வரை அலோபதி வேண்டாம்" என்று சொல்வதைக் கேட்டு எல்லா மாத்திரைகளையும் தாங்களாகவே நிறுத்திவிடுவது. இரண்டுமே வேண்டாம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னதாக இங்குள்ள உங்கள் மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியலைக் காட்டி, எதைக் குறைப்பது, எதை விடாமல் எடுப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தை அங்குள்ள வைத்தியரிடம் கொடுங்கள். அதைப் படித்துப் பார்த்து நான்கு கேள்வி கேட்பவரிடம் தங்கலாம். படிக்காமல் மேசையில் வைத்துவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தால், தைலக் குளியலோடு நிறுத்திக்கொண்டு வந்துவிடுங்கள்.

எந்தப் பருவத்தில்?

மலையாள நாட்டில் கர்க்கடக மாதம், நமக்கு ஆடி, சிகிச்சைக்கு உகந்த காலம் என்று கொண்டாடுவார்கள். கர்க்கடகக் கஞ்சியும் அப்போதுதான். அது நம் பள்ளி விடுமுறையோடு ஒத்துப் போவது நமக்கு வாய்த்த வசதி. ஆனால் நூலைக் கவனித்தால், நோயில்லாதவர்க்கு மழைக்காலத்தில் சொல்லியிருப்பது வாதத்துக்கான வஸ்தி. வமனம் வசந்த காலத்துக்கு உரியது. பித்தத்தை இறக்கும் விரேசனத்துக்கு மழை ஓய்ந்த ஐப்பசி, கார்த்திகை வாக்கு. நோய் இருந்தால் வைத்தியர் எந்த மாதத்திலும் செய்வார், அது வேறு. வெறும் 'சுத்தி'க்காக ஜூலையில் பேதிக்குப் போவது அந்த நூல்களின்படியே பருவம் தப்பிய காரியம்.

நமக்கு இன்னொரு கோணமும் இருக்கிறது. ஊரில் குளிர்ந்த சாரலில் உடம்பை இளக்கிக்கொண்டு ஆகஸ்டில் இங்கே வந்து இறங்குகிறோம். அப்போது புஜைராவில் கடல் ஈரமும் மலை வெக்கையும் சேர்ந்து அடிக்கும். வெட்டவெளியில் நண்பகல் வேலைக்கு அரசே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை 12.30 மணியிலிருந்து 3 மணி வரை தடை போட்டிருக்கிறது என்றால் வெயிலின் கடுமையை ஊகித்துக்கொள்ளலாம். துறைமுகத்திலும் எண்ணெய்க் கிடங்குகளிலும் ஷிப்ட் பார்க்கும் நம் தம்பிமார், பேதி முடிந்த மூன்றாம் நாள் வேலையில் சேர்வது உடம்போடு சூதாடுவது போலாகும். கஞ்சி நாட்கள் முடிந்து, ஒரு வாரமாவது வழக்கமான சாப்பாடு சாப்பிட்ட பிறகே விமானம் ஏற வேண்டும். விடுமுறையில் அதற்கு இடமில்லை என்றால் விரேசனத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள். நவம்பரில் விடுப்புக் கிடைப்பவர்களுக்கு இரட்டைப் பாக்கியம்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: தனியார் இடங்களைத் தவிர, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், நாகர்கோவில் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும், சென்னை அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும் இருக்கின்றன. குளிர்சாதன அறையும் பூச்செண்டும் எதிர்பார்க்க வேண்டாம். எங்கே போனாலும், பார்ப்பவர் ஆயுர்வேதத்தில் பி.ஏ.எம்.எஸ். அல்லது சித்தத்தில் பி.எஸ்.எம்.எஸ். பட்டம் பெற்றவரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஐந்தரை ஆண்டுப் படிப்பு அது. அமீரகத்திலும் ஆயுர்வேத மருத்துவர் உரிமம் பெற்றே தொழில் செய்ய முடியும். இங்கே போனாலும் அந்த உரிமத்தைப் பாருங்கள்.

திரும்பும்போது பெட்டியில் என்ன வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கசகசாவையே இங்கே கொண்டுவரக் கூடாது என்பது நமக்குத் தெரியும். 'விஜயா' என்ற பெயரில் கஞ்சா இலை சேரும் லேகியங்களும் சூரணங்களும் ஆயுர்வேதத்தில் உண்டு. உறையில் அந்தச் சொல் இருந்தால் ஊரிலேயே விட்டுவிடுங்கள். மற்ற மருந்துகளையும் வைத்தியர் சீட்டோடு, முத்திரை உடையாத புட்டியில் மட்டும் எடுத்து வாருங்கள்.

இங்கேயே செய்யக்கூடியது

தேரையர் கணக்கில் 90 வந்த எண்ணெய் முழுக்குக்கு டிக்கெட் வேண்டாம். ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்பது நம் வீட்டு வழக்கம். 2022 முதல் இங்கே சனியும் ஞாயிறும் வார விடுமுறை ஆனபின் ஆண்களுக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி உச்சி முதல் பாதம் வரை தேய்த்து, அரை மணி நேரம் ஊறி, சீயக்காயோ பயற்றமாவோ போட்டு வெந்நீரில் குளிக்க வேண்டும். கோடையில் வெந்நீர் போடும் வேலையும் இல்லை; மொட்டை மாடித் தொட்டியே போட்டுத் தந்துவிடும். குளித்த கையோடு ஏ.சி.யின் எதிரில் உட்காரக் கூடாது. அன்றைக்குப் பகல் தூக்கம் கூடாது. மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் போதும். சளி, காய்ச்சல் இருக்கும்போது முழுக்கு வேண்டாம். முதியவர்கள் குளியலறைத் தரையில் எண்ணெய் வழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எந்தக் கர்மமும் உதவாது!

வரிசையில் என்னைக் கேட்ட மாமிக்கு விடை: தைலமும் தாரையும் மட்டும் என்றால் ஏழு நாள் தாராளம். பேதியும் உண்டென்றால் 17 நாளும், அதன் மேல் ஒரு வாரமும். மாமாவின் சர்க்கரை மாத்திரைப் பட்டியலை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். வேறு சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு பஜனை முடிந்ததும் கேட்கலாம். மாத்திரைப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தால், எந்த மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சேர்ந்து எழுதிவிடலாம்.